ஓடாதே என்று சொல்லிக்கொடுப்பவர்

மலைச்சிங்கம் வாழும் இடங்களிலெல்லாம் கூடவே இன்னொரு பிராணியும் வாழ்கிறது. மலைச்சிங்கத்துக்குக் கூச்ச சுபாவம். இதற்கு அந்த வியாதி கிடையாது. மலைச்சிங்கம் உங்களை நூறு தடவை பார்த்திருக்கும், நீங்கள் அதை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். இதன் கண்ணில் படாமல் நீங்கள் ஒரு நாள்கூடத் தப்ப முடியாது. மலைச்சிங்கம் விடியும் நேரத்திலும் அந்தி மயங்கும் நேரத்திலும்தான் அதிகம் நடமாடும். இது தபால் நிலையம் திறப்பதில் தொடங்கி மூடும் வரைக்கும் நடமாடும். இரண்டு கால், கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, கழுத்தில் ஒரு விசில். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘ஓடாதே என்று சொல்லிக்கொடுப்பவர்’.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் ஆல்டர் துறை என்ற ஊரில் இருபத்திரண்டு வருஷமாகத் தபால் பிரித்துப் பெட்டியில் போடுகிறவன் நான். எங்கள் ஊரில் தபால் வீடு தேடிப் போகாது. முந்நூற்றுச் சொச்சம் பேரும் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து தங்கள் பெட்டியைத் தாங்களே திறந்துகொள்ள வேண்டும். ஊர்ப் பேச்சு முழுக்க என் காதில் விழுந்துவிட்டுத்தான் வெளியே போகும்.

மலைச்சிங்கம் என்று முழுப்பெயர் சொல்வது வெளியூர்க்காரர்கள். எங்களுக்கு அது ‘பூனை’. அறுபது கிலோ எடை, ஒரு கை நீளத்துக்கு வால், இருபதடி தூரத்தை ஒரே தாவலில் கடக்கிற பின்னங்கால், இருந்தாலும் பூனைதான். அதைப் பற்றிய சகல விஷயங்களுக்கும் எங்கள் ஊரில் அத்தாரிட்டி ஒருவர். ஆர்விட் ஹோல்ம். வயது அறுபத்தெட்டு. மரம் அறுக்கும் ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வீடு என் தபால் நிலையத்துக்கு நேர் எதிரே.

ஆர்விட் என் தபால் கூடத்துக்குள் நுழைகிற அழகே தனி. கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். யார் புதிதாகத் தெரிகிறார்களோ அவர்கள் பக்கம் நகர்வார். சத்தம் போடாமல், பக்கவாட்டில், கண்ணை எடுக்காமல். பூனை மானை நெருங்குவதை அவர் விவரிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். போன கோடையில் ஒரு இளம் தம்பதி, பாவம், ஊருக்கு அட்டை அனுப்ப வந்தவர்கள், அவரிடம் மாட்டிக்கொண்டார்கள்.

“பூனை எதிர்ல வந்து நிக்குதுன்னு வச்சுக்கோங்க. என்ன செய்வீங்க?”

“நாங்க ஸ்டாம்ப் வாங்க வந்தோம்…”

“ஓடுவீங்க! எல்லாரும் ஓடத்தான் செய்வாங்க. ஓடினா முடிஞ்சுது. ஓடுற எதைப் பாத்தாலும் அதுக்குத் துரத்தணும்னுதான் தோணும். நீங்க யாரு, எந்த ஊரு, நல்லவரா கெட்டவரான்னெல்லாம் அது விசாரிக்காது. நிக்கணும். கண்ணைப் பாக்கணும். முதுகு காட்டவே கூடாது. இங்க பாருங்க, இப்படி!”

இதைச் சொல்லிவிட்டுக் கம்பளிச் சட்டையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி விரிப்பார். ஆளைப் பெரிதாகக் காட்ட வேண்டுமாம். சட்டை மேலே போகும்போது வயிறு வெளியே வரும். ஆள் பெரிதாகத்தான் தெரிவார், அதில் சந்தேகமில்லை. அப்புறம் பின்பக்கமாக மெதுவாக நடந்து காட்டுவார். பூனை தப்பித்துப் போக எப்போதும் ஒரு வழி விட வேண்டும் என்பார். குழந்தை இருந்தால் குனியாமல் சட்டென்று தூக்கிக்கொள்ள வேண்டும் என்பார். மேலே பாய்ந்துவிட்டால் செத்தமாதிரி கிடக்காமல் கல்லோ கம்போ கையில் கிடைத்ததை எடுத்து மூஞ்சியில் அடித்துப் போராட வேண்டும் என்பார். இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் பின்பக்கமாக நடந்து நடந்து வாசற்கதவை மறைத்துக்கொண்டு நின்றுவிடுவார். அந்தத் தம்பதிக்குத் தப்பித்துப் போக வழியே இல்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அவர் சொல்வதில் ஒரு வார்த்தை தப்பு கிடையாது. அரசாங்கம் அச்சடித்து ஒட்டுகிற அறிவிப்பிலும் அதேதான் இருக்கிறது. இந்த இனத்தோடு மல்லுக்கட்ட முடியாததற்கு அதுதான் காரணம்.

இவ்வளவு தெரிந்தவர் பூனையை எத்தனை தடவை பார்த்திருப்பார்? ஒரு தடவை. ஆலை லாரியில் போகும்போது ஒரு வாலைப் பார்த்திருக்கிறார். வால் புதருக்குள் போனது. அவ்வளவுதான். நான் இந்த ஊருக்கு வந்த வருஷம் அது வெறும் வாலாகத்தான் இருந்தது. ஐந்தாறு வருஷத்தில் வாலோடு பின்னங்கால்கள் சேர்ந்தன. அவர் ஓய்வு பெற்ற வருஷம் முழு உடம்பும் வந்துவிட்டது. இப்போது லாரியே கதையில் இல்லை. ஆர்விட்டும் பூனையும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டு பதினோரு நிமிஷம் நின்றார்கள். கடைசியில் பூனைதான் பார்வையைத் தாழ்த்தியது. அவர் மனைவி கோரா இந்த இடம் வரும்போது கடித உறையில் பசை தடவிக்கொண்டிருப்பாள். தலையை நிமிர்த்த மாட்டாள்.

இந்த இனத்துக்கு இன்னொரு லட்சணம் உண்டு. தான் பார்த்ததுதான் பூனை. மற்றவர்கள் பார்த்ததெல்லாம் வேறு ஏதோ. என் கூடத்துச் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது, பூனையைக் கண்டவர்கள் தேதியும் இடமும் எழுத. அதில் யார் என்ன எழுதினாலும் பக்கத்தில் ஆர்விட்டின் பென்சில் திருத்தம் இருக்கும். ‘நாய்.’ ‘நீர்நாய்.’ ‘நிழல்.’ ஒரு தடவை ‘உங்கள் கணவர்’ என்று எழுதி, பெரிய சண்டையாகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்விட்டின் தோட்டத்து மூலையில், வேலியை ஒட்டி, பழைய ஆப்பிள் மரம் ஒன்று. செப்டம்பர் வந்தால் பழம் கொட்டும். பாதி வேலிக்கு உள்ளே விழும், பாதி வெளியே. வெளியே என்றால் எங்கே? பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடத்தில். ஆர்விட் அதைப் பொறுக்க மாட்டார். பொறுக்குவதாவது! பறித்ததையும் வாளியில் கொண்டுவந்து அந்த மூலையிலேயே கொட்டுவார். எதற்கு? ஜொசபீனுக்கு. ஜொசபீன் ஒரு பெண் மான். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அது சாப்பிடுவது தெரிய வேண்டும் அவருக்கு. ஜொசபீன் தனியாக வருவதில்லை. அக்கா தங்கை குட்டிகளோடு ஏழெட்டு உருப்படி வந்து, தின்றுவிட்டு, பஸ் நிற்கும் இடத்திலேயே கால் மடக்கிப் படுத்துக்கொள்ளும்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரில் மானுக்குத் தீனி போடாத வீடு கிடையாது. அவரவருக்கு ஒரு மான், மானுக்கு ஒரு பெயர், பிறந்தநாள்கூட உண்டு. என் வீட்டுக்கும் ஒன்று வரும். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன்; அது என் மேலதிகாரியின் பெயர். மான் எங்கே கூடுகிறதோ அங்கே பூனை வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆர்விட்டின் விதிகளில் ஏழாவது விதியே அதுதான். ஏழாவது விதியை அவர் சொல்லும்போது கையில் பெரும்பாலும் ஆப்பிள் வாளி இருக்கும்.

அந்த பஸ்ஸுக்காகத் தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே நிற்பது ஒரே ஒரு குழந்தை. பிப்பா. ஆறு வயது. அவள் அம்மா டானிக்கா இறால் உரிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையே இல்லாத சமவெளிப் பக்கமிருந்து குழந்தையோடு வந்தவள். எங்கள் ஊரில் இரண்டு வருஷம் என்றால் நேற்று வந்தவள் என்று அர்த்தம்.

பள்ளி திறந்த முதல் வாரம் டானிக்கா ஆர்விட்டை என் கூடத்தில் பிடித்தாள்.

“ஆர்விட், ஒரு உதவி. பஸ் நிக்கிற எடத்துல விழுற ஆப்பிளைப் பொறுக்கிடுறீங்களா? மானெல்லாம் அங்கயே படுத்துக்குது. பூனை வந்துருமோன்னு பயமா இருக்கு. எம்பொண்ணு அங்கதான் நிக்கிறா.”

கேட்டது ஒரு சின்ன வேலை. பத்து நிமிஷம், ஒரு வாளி. ஆர்விட்டின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

“பயப்படாதம்மா. பயந்தாதான் ஆபத்து. பூனையைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டா பயம் போயிரும். பிப்பாவை இங்க கூட்டிட்டு வா. ஏழு விதியும் நானே சொல்லிக்குடுக்குறேன்.”

“விதியெல்லாம் இருக்கட்டும். ஆப்பிள்…”

“மொத விதி. ஓடாதே!”

முக்கால் மணி நேரம். குழந்தைக்கு ஒரு விசிலும் கொடுத்தார். ஆப்பிள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் பொழுது போனது.

அடுத்த வாரம் டானிக்கா மறுபடியும் வந்தாள். சுவரில் தொங்கிய தாளில் எழுதினாள்: ‘புதன், காலை ஏழே முக்கால், ஹோல்ம் வீட்டு வேலி.’ ஆர்விட் பின்னாலேயே வந்து பென்சிலை எடுத்தார்.

“வால் எவ்வளவு நீளம் இருந்துச்சு?”

“நீளமா… தரை வரைக்கும் தொங்குச்சு.”

“நுனி என்ன கலரு?”

“நுனியை எங்கங்க பாத்தேன்? பொண்ணைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள போயிட்டேன்.”

“பாத்தியா! நுனி கறுப்பா இருக்கணும். நீ பாக்கல. அப்ப அது லாப்ரடார் நாய்தான். சமவெளிக்காரங்க எல்லாரும் மொதல்ல இப்படித்தான் குழம்புவாங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.”

“நாயா? அது வேலி மேல நடந்துச்சுங்க!”

“சில லாப்ரடாருக்கு அந்தப் பழக்கம் உண்டு” என்றார் ஆர்விட். ‘நாய்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். கூடத்தில் நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். டானிக்கா யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். சிரித்தவர்களில் நான் இல்லை என்று சொல்ல ஆசைதான்.

நான்கு நாள் கழித்து ஆர்விட்டின் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் செத்த மான் ஒன்று கிடந்தது. கழுத்தில் பல் பட்ட தடம். உடம்பு மேலே சருகும் மண்ணும் பிறாண்டி மூடியிருந்தது. பூனை தின்று மிச்சம் வைத்ததை அப்படித்தான் மூடி வைக்கும். திரும்பி வந்து சாப்பிடும். அந்தப் பக்கம் மனிதர் தலைகாட்டவே கூடாது. ஆர்விட்டின் ஐந்தாவது விதி இது. ஐந்தாவது விதியை விளக்குவதற்காக அன்றைக்கு ஒரே நாளில் பதினாலு பேரை அந்த மான் பக்கத்தில் அழைத்துக்கொண்டு போனார். “இந்த மாதிரி மூடி வச்சிருந்தா கிட்ட வரவே கூடாது, இன்னும் கிட்ட வாங்க, அப்பத்தான் தெரியும்” என்று அவர் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். பதினாலில் ஒன்று நான்.

வனவிலங்கு அதிகாரி தெரேசா கோவல் எழுபது மைல் தள்ளியிருந்து ஜீப்பில் வந்தாள். குறைவாகப் பேசுகிற பெண். மானைப் பார்த்தாள், ஆப்பிள் குவியலைப் பார்த்தாள், பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள்.

“ஆர்விட், இன்னைக்கே இதையெல்லாம் பொறுக்கிடுங்க. மானுக்குப் போடுறதையும் நிறுத்துங்க. இது சின்னப் பூனை, தாயை விட்டுப் பிரிஞ்சு எடம் தேடி வந்திருக்கு. இங்க தீனி இல்லன்னா அதுபாட்டுக்கு மலைக்குள்ள போயிரும்.”

“ஆண் பூனைன்னா இருநூறு மைல்கூட எடம் தேடிப் போகும், தெரியுமா உங்களுக்கு?” என்று ஆர்விட் ஆரம்பித்தார்.

“தெரியும். ஆப்பிளைப் பொறுக்குங்க.”

“அதோட தாய் குட்டியை ஒண்ணரை வருஷம்…”

“ஆர்விட். ஆப்பிள்.”

தலையாட்டினார். ஜீப் வளைவில் திரும்பியதும் என்னிடம் வந்து, “படிச்ச பொண்ணுதான், ஆனா அனுபவம் பத்தாது” என்றார். ஆப்பிள்? ஜொசபீன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம், துக்கத்தில் இருக்கிறதாம், இந்த நேரத்தில் தீனியை நிறுத்துவது மனிதாபிமானம் ஆகாதாம்.

அந்த வெள்ளிக்கிழமைக் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். நான் தபால் நிலையத்தைத் திறக்கச் சாவியைப் பூட்டில் வைத்தேன். எதிரே ஆர்விட் குளியல் அங்கியும் செருப்புமாக வாளியோடு வேலி மூலைக்கு வந்து கொட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே டானிக்காவும் பிப்பாவும் பஸ்ஸுக்கு நின்றார்கள்; இனிமேல் குழந்தையைத் தனியாக விடுவதில்லை என்று டானிக்கா வேலைக்குத் தாமதமாகப் போக ஆரம்பித்திருந்தாள். மான் ஒன்றைக்கூடக் காணோம். அதுவே ஒரு சேதி. நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை.

ஆப்பிள் மரத்தின் அடியில் பழுப்பாக ஒன்று எழுந்து நின்றது.

ஆர்விட்டுக்கும் அதற்கும் நடுவே பத்தடி. முப்பது வருஷமாக அவர் காத்திருந்த தருணம். கண்ணைப் பார்க்க வேண்டும், அங்கியை விரிக்க வேண்டும், மெதுவாகப் பின்வாங்க வேண்டும். ஆர்விட் வாளியைப் போட்டார், முதுகைக் காட்டினார், ஓடினார். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் அப்படி ஓடுவதை நான் பார்த்ததில்லை. ஒரு செருப்பு ரோஜாச் செடியில், இன்னொன்று படியில். பூனை, பாவம், அதுவரைக்கும் என்ன செய்வது என்று தெரியாமல்தான் நின்றது. ஓடுகிற ஒன்றைப் பார்த்ததும் துரத்தியது. கதவு அதன் மூக்குக்கு முன்னால் அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருவுக்குக் கேட்டது. “வெளிய அந்தப் பொண்ணும் குழந்தையும் நிக்குதே!” என்று உள்ளே கோரா கத்தினாளாம். பின்னால் அவளே சொன்னாள்.

பூனை திரும்பியது. வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்தது. இப்போது அதன் எதிரே பிப்பா.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சாவி பூட்டில் இருந்தது, நான் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கூப்பிடக்கூட வாய் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

டானிக்கா குனியவில்லை. கண்ணைப் பூனையிலிருந்து எடுக்காமல் குழந்தையின் புத்தகப் பையைப் பிடித்துத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது.

“ஆப்பிளைப் பொறுக்குன்னு சொன்னேன்ல! எத்தனை வாட்டிய்யா சொல்றது? காது செவிடா உனக்கு? நாயாம்ல நாயி! வாய்யா, வந்து நாயான்னு பாரு! பொறுக்குய்யா ஆப்பிளை!”

பூனைக்கு இதில் ஒன்றும் சம்பந்தமில்லை; ஆனால் இப்படி ஒரு குரலை அது காட்டில் கேட்டிருக்காது. காதை மடக்கியது. டானிக்கா கையிலிருந்த தேநீர்க் குடுவையை எறிந்தாள். அது பூனையின் தோளில் பட்டது. ஓரடி பின்னால் வைத்தாள், ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை. பூனை இரண்டு எட்டுப் பின்வாங்கி, திரும்பி, சாலையைக் கடந்து காட்டுக்குள் போய்விட்டது. அதன் பின்னாலேயே பஸ் வந்து நின்றது. அதற்கப்புறம்தான் டானிக்கா குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கினாள். நான் ஓடிப்போய்க் குடுவையை எடுத்துக்கொடுத்தேன். ஓடுவதற்கு எனக்கும் அப்போதுதான் கால் வந்தது.

பதினோரு மணிக்கு ஆர்விட் என் கூடத்துக்கு வந்தார். தலை வாரி, சட்டை மாற்றி. இருபது பேர் கூடியிருந்தார்கள். நான் ஒரு மன்னிப்பை எதிர்பார்த்தேன். இந்த இனத்தை இத்தனை வருஷம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

“நான் எதுக்கு ஓடினேன்னு நெனைக்கிறீங்க?” என்று கேட்டார். “குழந்தை நிக்குது. பூனை கவனம் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஓடினா துரத்தும்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். வேணும்னேதான் ஓடினேன்! இதுக்குப் பேரு திசை திருப்புறது. எல்லாரும் செய்யக் கூடாது, அனுபவம் வேணும்.”

“தாழ்ப்பாள் போட்டீங்களே?” என்றேன்.

“வெறியோட வர்ற பூனை கதவை முட்டும். உள்ள கோரா இருக்கா. எனக்குக் குடும்பம் இல்லையா?”

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எனக்கே அரை நிமிஷம் சரிதானோ என்று தோன்றியது. அன்று மாலைக்குள் ஊரில் பாதிப் பேர் ஆர்விட் குழந்தையைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருடைய ஏழு விதி எட்டாயிற்று.

திங்கட்கிழமை தெரேசா நாய்களோடு வந்தாள். முதலில் டானிக்காவைத்தான் பார்த்தாள். என் கூடத்தில் வைத்தே.

“சுட்டுத்தான் ஆகணும்” என்றாள்.

“வேண்டாங்க” என்றாள் டானிக்கா. “நான் பூனையைக் கொல்லச் சொல்லலயே. ஆப்பிளைப் பொறுக்கத்தானே சொன்னேன்.”

“மூணு வாரம் முன்னாடி அது போதும். இப்போ அதுக்கு மனுஷன் பயம் போயிருச்சு. பட்டப்பகல்ல பஸ் நிக்கிற எடத்துக்கு வந்துருச்சு. வேற எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டாலும் இதே மாதிரி இன்னொரு ஊரைத் தேடி வரும். மறுபடி வந்து யாருக்காவது ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?”

மத்தியானம் நாய்கள் குரைப்பது கேட்டது. அப்புறம் ஒரே ஒரு வெடி. இரண்டு வயதுகூட ஆகாத ஆண் பூனை. ஜீப்பின் பின்னால் கிடந்தபோது பார்த்தேன். பாதம் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது, இன்னும் வளர வேண்டிய உடம்பு. “இந்த எடம் ரொம்ப நாள் காலியா இருக்காது, தீனி இருக்குற வரைக்கும் அடுத்தது வரும்” என்று சொல்லிவிட்டுத் தெரேசா கதவைச் சாத்தினாள்.

ஊர் பொங்கிவிட்டது. யார் மேல்? ஞாயிற்றுக்கிழமை காலை சமூகக் கூடத்துக்கு முன்னால் பூனைக்கு அஞ்சலிக் கூட்டம். பூங்கொத்து, பிஸ்கட், காப்பி. ஆர்விட் பேசினார். “அந்தக் கண்ணை நான் பத்தடியில பாத்தேன். அதுல ஒரு துளி கெடுதல் கிடையாது. நம்ம ஊருக்கு விருந்தாளியா வந்த ஒரு உயிர்…” என்று சொல்லும்போது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதிகாரியைக் கண்டித்து ஒரு மனு. அறுபத்திரண்டு கையெழுத்து. என்னுடையது ஐந்தாவதோ ஆறாவதோ. காப்பிக்கு நடுவே யாரோ சொன்னார்கள்: “அந்தப் பொண்ணு புகார் மேல புகார் சொல்லாம இருந்திருந்தா இது நடந்திருக்குமா?” யாரும் மறுக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து டானிக்கா கூடத்துக்குள் வந்தால் பேச்சு நின்றது. அவள் பெட்டியைத் திறப்பாள், மூடுவாள், போவாள்.

புதன்கிழமை மாலை மூன்று மணிக்கு அவள் ஒரு வாளியோடு வந்து பஸ் நிறுத்தத்தில் கிடந்த ஆப்பிளைத் தானே பொறுக்க ஆரம்பித்தாள். யாரிடமும் கேட்கவில்லை. வெளிப்பக்கம் முடித்துவிட்டு வேலிக் கதவைத் திறந்து உள்ளேயும் போனாள். அழுகினது, பாதி கடித்தது, புழு வைத்தது எல்லாவற்றையும் வெறுங்கையால். ஆர்விட் வெளியே வந்தார். விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. படியில் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“குனியாதம்மா! குனிஞ்சா நீ நாலு கால் பிராணி மாதிரி தெரிவே. ரெண்டாவது விதி. உக்காரவும் கூடாது. காட்டுக்கு முதுகு காட்டாதே, இந்தப் பக்கம் திரும்பிப் பொறுக்கு!”

டானிக்கா நிமிர்ந்து பார்த்தாள். “சரிங்க” என்றாள். “நீங்க நின்னு பாத்துக்கோங்க.”

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார் ஆர்விட் பெருமையோடு. அவள் பதினோரு வாளி சுமந்து முடிக்கும் வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நானும் என் ஜன்னலை விட்டு நகரவில்லை. தபால் பிரிக்கிற நேரம், பாருங்கள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் ஊரில் மலைச்சிங்கம் கிடையாது, மானுக்கு யாரும் பிறந்தநாள் கொண்டாடுவதும் கிடையாது. ஆர்விட் மாதிரி ஆளை நாலு பேருக்கு நடுவில் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். நல்லது. போன மாதம் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, உங்கள் மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி இல்லை, கொசு மொய்க்கிறது, ஒரு தகரத்தைப் போட்டு மூடிவையுங்கள் என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அவரை உட்காரவைத்து, டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும், சாக்கடையில் இல்லை, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாகப் பத்து நாள் ஆகும், கடிப்பது பெண் கொசு மட்டும்தான் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அத்தனையும் சரி. ஒரு பிழை கிடையாது. அந்த அம்மாள் மகளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா?